ஹோகனின் கூடுதல் ஆணியும் என் இடது கணுக்காலும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஒட்டடை அடிச்சு, தூசி தட்டி, இப்பத்தான் உக்காந்திருக்கேன். "என்னய்யா, ஆளையே காணோம்"னு தனிமடல்ல கேட்ட ரெண்டு புண்ணியவான்களுக்கும் நன்றி. கால் உடைஞ்சு, ஒட்டி, மறுபடி நடந்த கதை இது. நடுவுல கொஞ்சம் வரலாறும் வரும். கோல்ஃப் வரலாறுன்னதும் தாவி ஓடிடாதீங்க. இது பந்தைப் பத்தினது இல்லை, செருப்பைப் பத்தினது :-)

2021 பிப்ரவரி. டெக்சஸ் மாநிலமே உறைஞ்சு போன வாரம் ஞாபகம் இருக்கா? கரண்ட் இல்லை, குழாய்ல தண்ணி இல்லை. நான் டாலஸ் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல இருக்கேன். கீழே யாரோ தண்ணி கேன் கொண்டுவந்து தர்றாங்கன்னு கேள்விப்பட்டு, வீரமா கிளம்பினேன். மாடிப்படியில கண்ணாடி மாதிரி ஐஸ் படிஞ்சிருந்தது. மூணாவது படியில கால் வெச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் வானம்தான் தெரிஞ்சது.

இடது கணுக்கால். ரெண்டு பக்க எலும்பும் முறிவு. ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ. ஊர்லேர்ந்து அம்மா ஃபோன்ல, "ஆபரேஷன் எதுக்குடா? புத்தூருக்கு வந்து ஒரு கட்டு போட்டுட்டுப் போயிருக்கலாமே"ன்னு அழுதாங்க. எலும்பு உடைஞ்சவன் பதினாலாயிரம் கிலோமீட்டர் பறந்து வரணுமாம்!

காலைத் தலையணை மேல தூக்கி வெச்சுக்கிட்டு டிவி பார்த்துக்கிட்டு இருந்தேன். பிப்ரவரி 23. கலிபோர்னியாவுல ஒரு கார் உருண்டு கிடக்குது. உள்ளே இருந்தவர் டைகர் வுட்ஸ். வலது முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் பல துண்டா நொறுங்கி, தோலைக் கிழிச்சு வெளியே வந்திருந்ததுன்னு செய்தி. எலும்புக்குள்ள கம்பி, பாதத்துலயும் கணுக்கால்லயும் ஸ்க்ரூ. "என்னோடதுக்கு ஆறு ஸ்க்ரூ, பரவாயில்லை"ன்னு ஒரு அல்ப ஆறுதல். மனுசன் புத்தி பாருங்க.

டைகரைப் பத்தி எனக்கு என்ன அக்கறைன்னு கேக்கறீங்களா? நானும் கோல்ஃப் ஆடுவேங்க. "ஆடுவேன்"ங்கறது பெரிய வார்த்தை. ஆபீஸ் சகாக்களோட சனிக்கிழமை காலையில, நகராட்சி மைதானத்துல, பழைய கிளப்பை வெச்சு புல்லை வெட்டிக்கிட்டு இருப்பேன். பந்து போற இடம் பந்துக்கே தெரியாது. ஆனா எனக்குப் பிடிச்சது அந்த நடை. 18 குழிக்கும் நடந்தா ஏழெட்டு கிலோமீட்டராவது ஆகும். மேடு, பள்ளம், ஈரப்புல், மணல். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தே கரையறவனுக்கு வாரத்துல அது ஒண்ணுதான் வெளிக்காத்து.

பிசியோதெரபி பண்ணின அம்மணி முதல் நாளே கேட்டாங்க: "திரும்ப என்ன பண்ணணும்னு ஆசை?" மத்தவங்க மாதிரி "வேலைக்குப் போகணும்"னு சொல்லியிருக்கலாம். வாயில "கோல்ஃப்"னு வந்துடுச்சு. "நல்லது, அதையே குறியா வெச்சுக்கோங்க"ன்னாங்க.

எட்டு மாசம் கழிச்சு, அக்டோபர்ல போனேன். அதே பழைய ஷூ. நாலாவது குழியில ஒரு ஸ்விங். மேல் உடம்பு திரும்புச்சு, இடுப்பு திரும்புச்சு, பாதம் மட்டும் திரும்பலை. ஷூவோட அடி புல்லை அப்படியே கவ்விப் பிடிச்சிருந்தது. தகடு வெச்ச கணுக்காலும் மடங்க மாட்டேன்னுது. அந்தத் திருகல் மொத்தத்தையும் முழங்கால் வாங்கிக்கிச்சு. மறுபடி மூணு வாரம் தலையணை, ஐஸ் பை.

அந்த மூணு வாரத்துலதான் இந்தக் கேள்வி வந்தது. இந்த ஷூவை யாருக்காகத்தான் செஞ்சாங்க? காலுக்காகவா?

மண்ணுக்காக

கோல்ஃப் ஷூ ஆரம்பத்துல ஷூவே இல்லை. ஸ்காட்லாந்துல கடலோரப் புல்வெளியில ஆடினவங்க, வழக்கமாப் போடற தடிச்ச பூட்ஸோட அடியில சின்னச் சின்ன ஆணி அடிச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். 1857ல ஸ்காட்லாந்துல வந்த ஒரு கோல்ஃப் கையேட்டுலயே, வழுக்கற தரையில ஆடறவன் ஆணி அடிச்ச ஷூ போட்டுக்கணும்னு யோசனை சொல்லியிருக்காங்க. அதே 1857ல, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் ப்ராக்டன்ல ஒரு ஷூ கம்பெனி தொடங்கினாங்க. பின்னாளில் அதுதான் ஃபுட்ஜாய். அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட பேர் பேக்கார்ட். இந்தப் பேரை ஒரு ஓரமா முடிஞ்சு வெச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

அடிச்ச ஆணியில ஒரு தொல்லை. தேய்ஞ்சா உள்ளே ஏறிப் பாதத்தைக் குத்தும். 1890கள்ல திருகி மாட்டற ஆணி வந்தது. தேய்ஞ்சா கழட்டிட்டுப் புதுசு போடலாம். அடுத்த நூறு வருசத்துக்கு கோல்ஃப் ஷூன்னா இதுதான்: கெட்டித் தோல், கெட்டி அடி, பத்துப் பன்னெண்டு இரும்பு ஆணி.

ஏன் இப்படி? வலதுகைக்காரன் அடிக்கும்போது உடம்பு எடை மொத்தமும் வலது கால்லேர்ந்து இடது காலுக்குப் பாயும். இடது பாதம் வழுக்கினா அடி போச்சு. அதனால ஷூவோட ஒரே வேலை தரையைக் கவ்வறது. உள்ளே இருக்கற காலு சௌக்கியமா இருக்கான்னு ஷூ கேக்கலை. நல்ல கால் தானாவே பார்த்துக்கும்னு விட்டுட்டாங்க.

கால் நல்லா இல்லைன்னா?

பஸ்ஸும் பனிமூட்டமும்

நான் இருக்கற இடத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபோர்ட் வொர்த். பென் ஹோகன் வாழ்ந்த ஊர். கோல்ஃப் தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: டைகருக்கு முன்னாடி, நிக்லஸுக்கு முன்னாடி, இந்த ஆட்டத்தோட ராஜா அவர். அதிகம் பேச மாட்டார். பொழுதுக்கும் பயிற்சிதான்.

1949 பிப்ரவரி 2. அரிசோனாவுல ஒரு போட்டி முடிஞ்சு, மனைவி வேலரியோட கார்ல ஃபோர்ட் வொர்த்துக்குத் திரும்பிக்கிட்டு இருந்தார். மேற்கு டெக்சஸ்ல வான் ஹார்ன்னு ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டினதும் பனிமூட்டம். எதிர்ல ஒரு பஸ், லாரியை முந்திக்கிட்டு, நேரா இவர் பாதையில வந்துடுச்சு. கடைசி நொடியில ஹோகன் குறுக்கே பாய்ஞ்சு மனைவியை மறைச்சார். ஸ்டியரிங் தண்டு அவர் உக்காந்திருந்த சீட்டைத் துளைச்சுக்கிட்டுப் போச்சு. மனைவியைக் காப்பாத்தப் பாய்ஞ்சது அவரையே காப்பாத்துச்சு.

இடுப்பெலும்பு ரெண்டு இடத்துல முறிவு. காறை எலும்பு, விலா எலும்பு. அப்புறம் இடது கணுக்கால். (இதைப் படிச்சப்ப என் காலை நானே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கிட்டேன்.)

அதோட முடியலை. ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது ரத்தம் உறைஞ்சு கட்டி நுரையீரலுக்கு ஏற ஆரம்பிச்சது. நியூ ஆர்லியன்ஸ்லேர்ந்து ஆல்டன் ஆக்ஸ்னர்ங்கற அறுவை சிகிச்சை நிபுணர் பறந்து வந்தார். காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பற பெரிய சிரையையே கட்டிப் போட்டார். உயிர் தப்பிச்சது. ஆனா அந்த நாள்லேர்ந்து சாகிற வரைக்கும் ஹோகன் காலுக்கு ரத்த ஓட்டம் சரியா இல்லை. கொஞ்சம் நடந்தா வீங்கும், மரத்துப் போகும், குரக்களி பிடிக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துல யு.எஸ். ஓப்பன் கடைசி நாள்ல ஒரே நாள்ல 36 குழி. ஆணி ஷூவோட பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல நடை. வண்டி கிடையாது.

1950 ஜூன். விபத்து நடந்து 16 மாசம். பென்சில்வேனியாவுல மெரியன் மைதானம். காலையில எழுந்ததும் சுடுதண்ணியில எப்சம் உப்பு போட்டுக் காலை ஊற வைப்பார். அப்புறம் கணுக்கால்லேர்ந்து தொடை வரைக்கும் எலாஸ்டிக் துணிக்கட்டு. அதுக்கு மேல பேண்ட், அதுக்குக் கீழே அந்த ஷூ. அவர் ஷூ லண்டன்ல கையால செஞ்சது. வழக்கமா இருக்கறதைவிட ஒரு ஆணி கூடுதல். அது வலி குறையறதுக்கு இல்லை, இன்னும் கெட்டியாத் தரையைக் கவ்வறதுக்கு. ஷூ அவர் ஆட்டத்தைக் காப்பாத்துச்சு. அவர் காலைக் காப்பாத்தினது உப்புத்தண்ணியும் துணியும்தான்.

கடைசிச் சுத்து. பன்னெண்டாவது குழியில அடிச்சுட்டு, கால் இழுத்துப் பிடிச்சுத் தள்ளாடினார். கையில இருந்த முன்னிலை ஒவ்வொண்ணாக் கரைஞ்சது. பதினெட்டாவது குழிக்கு வரும்போது, சமன் பண்ணணும்னாலே நாலு அடியில முடிச்சாகணும். ரெண்டாவது அடிக்கு ஒன்-அயர்ன் கிளப்பை எடுத்தார். பந்து கிரீன்ல விழுந்தது, ரெண்டு தட்டுல உள்ளே. மூணு பேர் சமன். மறுநாள் இன்னும் 18 குழி! அதுலயும் நடந்து, 69 அடிச்சு, மேங்ரமையும் (73) ஃபாசியோவையும் (75) தோக்கடிச்சுக் கோப்பையை வாங்கினார்.

அந்த ஒன்-அயர்ன் அடியை ஹை பெஸ்கின் பின்னாலேர்ந்து எடுத்த படம் கோல்ஃப் உலகத்துல ரொம்பப் பிரபலம். தேடிப் பாருங்க. எல்லாரும் அதுல கிளப்பைப் பார்ப்பாங்க, கூட்டத்தைப் பார்ப்பாங்க. நான் காலைப் பார்த்தேன். அடிச்சு முடிச்ச நிலை. வலது பாதம் குதிகால் தூக்கி, விரல் நுனியில நிக்குது. ஆணி அடிச்ச ஷூவோட அடி நம்மைப் பார்த்துக்கிட்டு இருக்கு. அப்படின்னா மொத்த உடம்பும் எது மேல நிக்குது? இடது கால் மேல. உடைஞ்ச அந்தக் கணுக்கால் மேல.

ஒரு கூத்து கேளுங்க. அந்தக் கிளப்பும் ஷூவும் அங்கேயே திருட்டுப் போயிடுச்சு. கிளப் பல வருசம் கழிச்சுக் கிடைச்சு, அமெரிக்க கோல்ஃப் சங்கத்தோட அருங்காட்சியகத்துக்குப் போனது பெரிய கதையாப் பேசப்படுது. ஷூவைப் பத்தி யாரும் பேசக் காணோம். செருப்போட விதியே அதுதானே.

ஹோகன் ஜெயிச்ச ஒன்பது பெரிய பட்டங்கள்ல ஆறு இந்த விபத்துக்குப் பிறகு ஜெயிச்சது. 1957ல எழுதின பாடப் புத்தகத்துல, வலது பாதம் நேரா இருக்கட்டும், இடது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி வெச்சு நில்லுங்கன்னு சொல்றார். உடைஞ்ச கால்தான் காரணம்னு அவர் எழுதலை. ஆனா என் பிசியோ அம்மணி எனக்குச் சொன்னதும் அதேதான். பாதம் முன்கூட்டியே வெளியே திரும்பி இருந்தா, கணுக்காலும் முழங்காலும் முறுக வேண்டியது குறையும்.

புல்லுக்காக

சரி, இரும்பு ஆணி எப்ப ஒழிஞ்சது? யாரோ ஒரு டாக்டர் "பாவம் முழங்கால்"னு சொல்லி ஒழிச்சிருப்பார்னு நினைச்சேன். இல்லவே இல்லை. 1990களோட தொடக்கத்துல, ஐடஹோ மாநிலத்துல குளிர்காலத்துல ஆடறவங்க கிரீனை ஆணியால கிழிச்சு நாசம் பண்ணினாங்க. அதைத் தடுக்கத்தான் பிளாஸ்டிக் ஆணி வந்தது. அந்தப் பத்து வருசம் முடியறதுக்குள்ள அமெரிக்காவுல பெரும்பாலான மைதானங்கள் இரும்பு ஆணிக்குத் தடை போட்டுடுச்சு.

கவனிச்சீங்களா? நம்ம கால் மேல இரக்கப்பட்டு ஆணியைக் கழட்டலை. புல்லு மேல இரக்கப்பட்டுக் கழட்டினாங்க!

ஆனா ஒரு கதவு திறந்தது. இரும்பு இல்லாம நிக்க முடியும்னா, ஆணியே இல்லாமலும் நிக்க முடியுமே? 2010 மாஸ்டர்ஸ். ஃப்ரெட் கபிள்ஸ், வயசு 50, பல வருசமா முதுகு வலிக்காரர். சாக்ஸ்கூடப் போடாம, அடியில ரப்பர் குமிழ் மட்டும் வெச்ச, கடைவீதிக்குப் போடற மாதிரி ஒரு எக்கோ ஷூவோட வந்தார். முதல் நாள் 66 அடிச்சு முன்னிலையில நின்னார். பேச்செல்லாம் அந்த ஷூவைப் பத்தித்தான். ஆணியில்லாத கோல்ஃப் ஷூ அதுக்கப்புறம்தான் கடை கடையாப் பரவுச்சு. அதைப் பரப்பி விட்டது ஒரு நோயாளி முதுகு.

ஷூவால முடியாதது

நடுவுல ஒரு ஆளைச் சொல்லாம விட்டா பாவம். கேஸி மார்ட்டின். பிறவியிலேயே வலது கால்ல ரத்த ஓட்டக் கோளாறு. நடந்தாலே எலும்பு முறியற அபாயம். எந்த ஷூவும் அந்தக் காலுக்குப் பத்தாது. "நான் வண்டியில போயிக்கறேன்"னார். "நடக்கறதும் ஆட்டத்துல சேர்த்தி"ன்னது பிஜிஏ டூர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2001ல 7-2ன்னு மார்ட்டின் பக்கம் தீர்ப்பு வந்தது. 2021ல அந்தக் காலையே எடுக்க வேண்டியதாப் போச்சு. நல்ல ஷூ கிடைச்சா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கும்போதெல்லாம் இவரை நினைச்சுக்குவேன்.

கடைசியா, காலுக்காக

2022 ஏப்ரல். விபத்து நடந்து 14 மாசத்துல டைகர் மாஸ்டர்ஸ்ல நடந்து வர்றார். நான் முகத்தைப் பார்க்கலை, காலைத்தான் பார்த்தேன். நைக்கி இல்லை! 1996லேர்ந்து நைக்கி நிறுவனத்தோட முகமே அவர்தான். சட்டை நைக்கி, தொப்பி நைக்கி, கால்ல மட்டும் ஃபுட்ஜாய். பத்திரிகைக்காரங்க கேட்டதுக்கு அவர் சொன்னதோட சாரம்: கால்ல இருக்கற கம்பி, தகடு, ஸ்க்ரூவோட பாதம் முன்ன மாதிரி அசையாது, அதனால இன்னும் நிலையா நிக்க வைக்கற ஷூ தேவைப்பட்டது.

அந்த ஷூவோட பேர் என்ன தெரியுமா? பேக்கார்ட். 1857 ப்ராக்டன் கம்பெனிக்காரரோட பேர்!

உலகத்துலேயே பெரிய விளம்பர ஒப்பந்தங்கள்ல ஒண்ணு. அதை உடைஞ்ச ஒரு கால் "எனக்கு இது ஒத்துக்கலை"ன்னு தள்ளி வெச்சது. அன்னிக்கு முதல் சுத்துல 71. மேடும் பள்ளமுமான அந்த மைதானத்துல நாலு நாளும் நடந்து, 47வது இடம். 2024 ஜனவரியில நைக்கியோட உறவும் முடிஞ்சது. அதுக்கு ஷூதான் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆனா ஒண்ணு புரிஞ்சது. அவ்வளவு பெரிய ஆளே கூச்சப்படாம வேற ஷூ கேக்கும்போது, நான் எதுக்குப் பழைய ஷூவையே கட்டிக்கிட்டு அழணும்?

நான் வாங்கின கதை

முதல் கடையில இருந்த பையன் என் காலைப் பார்க்கவே இல்லை. இருக்கறதுலயே விலை அதிகமானதை எடுத்து நீட்டினான். வாங்கிட்டு வந்து, மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். ரெண்டாவது கடையில ஒரு பெரியவர். உக்கார வெச்சு ரெண்டு பாதத்தையும் தனித்தனியா அளந்தார். இடது கால் அரை சைஸ் பெரிசு. எனக்கே தெரியாது! வீங்கின கால் சாயங்காலம்தான் தன்னோட நிஜ அளவைக் காட்டும், காலையில வந்து வாங்காதேன்னார்.

அப்புறம் ஷூவைக் கையில எடுத்துத் துணி பிழியற மாதிரி முறுக்கிக் காட்டினார். விரல் மடியற இடத்துல மட்டும் வளையணும், நடுவுல முறுகக் கூடாது. குதிகால் கிண்ணத்தை அமுக்கினா நசுங்கக் கூடாது. முன்பக்கம் அகலமா இருக்கணும், உள்ளே இருக்கற மெத்தை கழட்ட வரணும். அப்பத்தான் டாக்டர் கொடுத்த மெத்தையை வெச்சுக்கலாம். அடியில ஆணி வேண்டாம், ரப்பர் குமிழ் போதும். புல்லைப் பிடிக்கட்டும், ஆனா தேவைப்பட்டா விட்டுக் கொடுக்கட்டும்னார். லேஸுக்குப் பதிலா திருகுற குமிழ் இருந்தா, ஆடிக்கிட்டு இருக்கும்போது கால் வீங்கினாலும் குனியாம ஒரு திருகுல தளர்த்திக்கலாம்.

முதல்ல மண்ணு, அப்புறம் புல்லு, கடைசியாத்தான் காலு. நூத்தம்பது வருசம் ஆகியிருக்கு இந்த வரிசையில காலுக்கு முறை வர. அதுவும் உடைஞ்ச கால்காரங்க கேட்டதுக்கு அப்புறம்.

2022 மே மாசம். சனிக்கிழமை காலை, ஈரப்புல். இடது பாதத்தை ஹோகன் சொன்ன மாதிரி வெளியே திருப்பி வெச்சு நின்னேன். நாலாவது குழி வந்தப்ப வயித்தைக் கலக்குச்சு. அதே இடம். அடிச்சேன். பாதம் லேசா நழுவி, இடுப்போட சேர்ந்து திரும்புச்சு. முழங்கால் ஒண்ணும் சொல்லலை. பந்து மரத்துல பட்டுக் குளத்துல விழுந்தது, அது வேற விஷயம்.

ஒன்பது குழி நடந்தேன். அதுக்கு மேல கால் "போதும்"னுது, கேட்டுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து ஹோகன் மாதிரி எப்சம் உப்புல காலை ஊறப் போட்டுட்டு அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன்.

"நடந்தியாடா?"

"நடந்தேம்மா. ஒன்பது குழி."

"வலிச்சுதா?"

"கொஞ்சம். ஷூ நல்லா இருக்கும்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பந்து குழியில விழுந்துச்சா?"

"அது கால் உடையறதுக்கு முன்னாடியே விழாதும்மா!"

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கால்ல தகடு வெச்சவங்க இந்தப் பதிவை நம்பி மைதானத்துல இறங்காம, உங்க டாக்டரைக் கேட்டுட்டு இறங்குங்க. அவர் சரின்னா, சாயங்காலமாப் பார்த்து ஷூ கடைக்குப் போங்க.